அடுப்பங்கரைத் தபால்: பேக்கன் சுற்றிய பண்டங்கள்

கிறிஸ்துமஸ் நெருங்குவதால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆங்கிலேயர் விருந்துப் பண்டங்களைப் பற்றியவை. அவற்றிலும் பேக்கன், அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சித் துண்டு, சுற்றிச் சுடும் சின்னப் பண்டங்களைப் பற்றித்தான் ஆளாளுக்குக் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையோரம் ஒரு பழைய விடுதியின் சமையலறையில் பல ஆண்டுகள் நின்று வேலை பார்த்தவள் நான். மனத்துக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. அதனால் இந்தத் தபாலை முழுவதும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விகள் அடுத்த இதழில் வரும்.

என் மகன் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தில் பெண் எடுத்திருக்கிறான். கிறிஸ்துமஸ் விருந்துக்கு பேக்கன் சுற்றிய சாசேஜ், அதாவது ‘பிக்ஸ் இன் பிளாங்கெட்ஸ்’, செய்து கொண்டுவரும்படி சம்பந்தியம்மா சொல்லியிருக்கிறார். வீட்டில் செய்து பார்த்தேன். உள்ளே சாசேஜ் காய்ந்துவிட்டது. வெளியே பேக்கன் வெளிறித் தொளதொளவென்று இருக்கிறது. எங்கே பிசகு?
— ஒரு வாசகி, ஹாரோ

முதலில் ஒன்று சொல்கிறேன். அந்த வீட்டில் உங்களிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள் என்றால் அது பெரிய நம்பிக்கை. கிறிஸ்துமஸ் மேசையில் வான்கோழி மிஞ்சிப்போகும், முட்டைக்கோஸ் மிஞ்சிப்போகும். இது மட்டும் மிஞ்சியதாக நான் பார்த்ததில்லை. கேட்டவருக்காகவே நன்றாகச் செய்துவிட வேண்டும்.

எந்த பேக்கனை வாங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் உங்கள் வர்ணனையைப் பார்த்தால், பன்றியின் முதுகுப் பகுதியிலிருந்து வெட்டிய அகலமான துண்டுகளை வாங்கியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இங்கிலாந்தில் காலை உணவுக்கு முட்டையோடு வைப்பது அதுதான், கடையில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். சுற்றுவதற்கு அது உதவாது. அதில் ஒரு பக்கம் தடித்த சதை, ஓரத்தில் மட்டும் கொழுப்பு. வளைத்தால் விறைத்து நிற்கும். சுற்றுவதற்கு வேண்டியது வயிற்றுப் பகுதி, ‘ஸ்ட்ரீக்கி’ என்று பொட்டலத்தில் எழுதியிருக்கும். சதையும் கொழுப்பும் வரிவரியாக மாறி மாறி ஓடும். அந்தக் கொழுப்பு உருகித்தான் உள்ளே இருக்கும் சாசேஜுக்கு எண்ணெய் வார்க்கிறது, அது உருகி வடிந்த பிறகுதான் பேக்கன் மொறுமொறுப்பாகிறது. புகையூட்டியதா, புகையூட்டாததா என்பது உங்கள் விருப்பம். சாசேஜுக்கு நான் புகையூட்டியதையே எடுப்பேன்.

அடுத்தது, நீட்டுவது. இதைச் செய்யாமல் சுற்றுபவர்கள்தான் அதிகம். வெட்டுப்பலகையில் ஒரு துண்டை நீளவாக்கில் வையுங்கள். ஒரு முனையை இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கத்தியின் முதுகைச் சற்றே சாய்த்து, மறுமுனை வரை ஒரே சீராக இழுங்கள். அழுத்தம் மிதமாக இருக்கட்டும், கிழிந்துவிடக் கூடாது. நாலைந்து இழுப்பில் துண்டு நீண்டு மெலிவதைக் கண்ணால் பார்க்கலாம். கொழுப்பு வரிகள் கண்ணாடி போலாகிப் பலகையின் நிறம் தெரியத் தொடங்கும். அங்கே நிறுத்துங்கள். இப்போது குறுக்கே இரண்டாக வெட்டினால் பாதித் துண்டு ஒரு சாசேஜுக்குப் போதும். நீட்டாத பேக்கன் ஓவனில் போனதும் சுருங்கி, ஒன்று சாசேஜை நெரிக்கும், இல்லையென்றால் அவிழ்ந்து தனியே கிடக்கும். நீட்டியது சொன்னபடி உட்காரும், மெல்லியதாக இருப்பதால் கொழுப்பும் சீக்கிரம் உருகிவிடும்.

சுற்றும்போது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். சாய்வாக, ஓரம் மட்டும் ஓரத்தில் ஏறும்படி ஒரு சுற்றுப் போதும். இரண்டு மூன்று அடுக்கு வந்துவிட்டால் அடியில் இருக்கும் அடுக்கு வெந்துகொண்டே இருக்குமே ஒழிய வறுபடாது. நீங்கள் சொன்ன வெளிறல் அதனால்தான். அது சிவக்கட்டும் என்று காத்திருந்ததில் சாசேஜ் காய்ந்துவிட்டது. சாசேஜும் ‘சிப்போலாட்டா’ என்ற மெல்லிய வகையாக இருக்க வேண்டும், தடித்த சாசேஜ் இதற்குச் சரிப்படாது. இரு முனைகளும் வெளியே தெரியட்டும். சுற்று முடியும் ஓரம் அடியில் படும்படி தட்டில் வைத்தால் பல்குச்சி தேவைப்படாது, அதன் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஓவன் 200 டிகிரி செல்சியஸ், விசிறி உள்ள ஓவன் என்றால் 180. நேரம் 25 முதல் 30 நிமிடம், நடுவில் ஒரு தடவை புரட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு விரல் இடம் விடுங்கள். நெருக்கிவைத்தால் ஒன்றின் ஆவியில் இன்னொன்று வேகும். உருளைக்கிழங்குத் தட்டில் ஒரு மூலையில் சொருகிவைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு; அதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

கொண்டுபோவது பற்றி: சுற்றியதைப் பச்சையாகவே மூடிய டப்பாவில், ஐஸ் வைத்த பையில் எடுத்துச் செல்லுங்கள். வான்கோழி வெந்து வெளியே வந்ததும் அரைமணி நேரமாவது வெட்டாமல் ஆறவிடுவார்கள். அந்த நேரம் ஓவன் காலியாகத்தான் இருக்கும். சம்பந்தியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி அந்த அரைமணியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்கச் செய்முறைகளில் ‘பிக்ஸ் இன் பிளாங்கெட்ஸ்’ என்று மாவில் சுருட்டிய சாசேஜைக் காட்டுகிறார்களே, எது சரி?
— ஒரு மாணவர், லெஸ்டர்

இரண்டும் வேறு வேறு பண்டங்கள், பெயர் மட்டும் ஒன்று. அமெரிக்காவில் மாவு, பிரிட்டனில் பேக்கன். ஸ்காட்லாந்துக்குப் போனால் நம்முடைய பேக்கன் சுற்றியதையே ‘கில்ட்டட் சாசேஜ்’ என்று கேட்டால்தான் சிலருக்குப் புரியும். கில்ட் அவர்கள் ஆண்கள் உடுத்தும் பாவாடை. சாசேஜின் இடுப்பைச் சுற்றி பேக்கன்.

அலுவலக வேலையாக லண்டன் போயிருந்தபோது பழைய கிளப் ஒன்றில் விருந்து கொடுத்தார்கள். புடிங் எல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு, பேக்கனில் சுற்றிய ஏதோ ஒரு கருப்புப் பழத்தை டோஸ்ட் மேல் வைத்துக் கொண்டுவந்தார்கள். முதலில் வரவேண்டியதைத் தவறுதலாகக் கடைசியில் கொண்டுவந்துவிட்டார்களோ என்று நினைத்து எதுவும் கேட்காமல் சாப்பிட்டேன். இதற்கு ஏதாவது காரணம் உண்டா?
— ஒரு வாசகர், சென்னை அண்ணாநகர்

தவறே இல்லை. உங்களுக்குக் கிடைத்தது இன்று பிரிட்டனில் பெரும்பாலோர் மறந்துவிட்ட ஒரு முறை. அதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறீர்கள்.

விக்டோரியா காலத்து விருந்தில் சூப், மீன், இறைச்சி, பிறகு இனிப்பு என்று ஒவ்வொன்றாக வரும். இனிப்புக்குப் பிறகு, பழமும் கொட்டைப் பருப்பும் போர்ட் ஒயினும் வருவதற்கு முன்னால், காரசாரமாக, உப்பாக, இரண்டு வாய்க்கு மேல் போகாத ஒரு சூடான பண்டம் வரும். இந்தச் சுற்றுக்கு ‘சேவரி’ என்று பெயர். க்ரீமும் சர்க்கரையும் பூசிய நாக்கைச் சுத்தம் செய்து போர்ட்டுக்குத் தயாராக்குவதுதான் அதன் வேலை. நீங்கள் சாப்பிட்டது ‘டெவில்ஸ் ஆன் ஹார்ஸ்பேக்’. பழம் ப்ரூன், அதாவது உலர்த்திய பிளம். அதே இடத்தில் சிப்பியை வைத்துச் சுற்றினால் ‘ஏஞ்சல்ஸ் ஆன் ஹார்ஸ்பேக்’. இவற்றோடு அந்தச் சுற்றில் வரும் மற்றவை: பாலாடைக்கட்டியை உருக்கி டோஸ்ட் மேல் ஊற்றிச் சுடும் வெல்ஷ் ரேர்பிட், நெத்திலி மாதிரியான ஆன்சோவி மீன் தடவிய டோஸ்ட்டில் முட்டையைக் கிளறிவைத்த ஸ்காட்ச் வுட்காக், கோழி ஈரலை பேக்கனில் சுற்றியது, மிளகாய்த்தூளும் கடுகும் போட்டு வதக்கிய சிறுநீரகம். எல்லாமே ரொட்டித் துண்டு மேல் வரும், எல்லாமே சுடச்சுட வரும்.

இந்தச் சுற்று ஏன் மறைந்தது? இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு வீட்டு வேலையாட்கள் குறைந்தார்கள். ஏழெட்டுச் சுற்று பரிமாற ஆள் இல்லாத வீட்டில் கடைசிச் சுற்றுதான் முதலில் போகும். இன்னொன்று, பேக்கனே கிடைக்காத காலம் வந்தது. 1940 ஜனவரி 8ஆம் தேதி பிரிட்டனில் உணவு ரேஷன் தொடங்கியபோது முதலில் கட்டுப்பாட்டுக்குள் வந்த மூன்று பொருள்கள் பேக்கன், வெண்ணெய், சர்க்கரை. ஆளுக்கு வாரத்துக்கு நான்கு அவுன்ஸ் பேக்கன், அதாவது நூறு கிராமுக்குச் சற்று அதிகம். அந்தக் கட்டுப்பாடு முழுவதுமாக விலகியது 1954 ஜூலையில். பதினான்கு ஆண்டுகள்! ஒரு தலைமுறைப் பெண்கள் சேவரி இல்லாமலேயே விருந்து வைக்கக் கற்றுக்கொண்டார்கள். பிறகு இந்தப் பண்டங்கள் திரும்பி வந்தபோது, பல்குச்சியில் குத்தி, நின்றுகொண்டே குடிக்கும் விருந்துகளில் முதல் தட்டாக வந்தன. பழைய முறை கிளப்புகளிலும் சில பழைய உணவகங்களிலும் மட்டும் தங்கிவிட்டது.

என் கருத்தைக் கேட்டால், அது கடைசியில் வருவதுதான் பொருத்தம். பசியோடு இருக்கும்போது பேக்கன் கொழுப்பில் ஊறிய இனிப்புப் பழத்தைத் தின்றால் பிறகு வரும் சூப்பும் மீனும் நாக்கில் ஏறாது. வீட்டில் ஒருமுறை இனிப்புக்குப் பின் பரிமாறிப் பாருங்கள். ஆளுக்கு இரண்டுதான், அதற்கு மேல் வேண்டாம்.

‘டெவில்ஸ் ஆன் ஹார்ஸ்பேக்’ செய்முறை ஒன்றில் ப்ரூனுக்குள் மாங்காய்ச் சட்னி வைக்கச் சொல்லியிருந்தது. ஆங்கிலேயப் பண்டத்தில் மாங்காய்ச் சட்னியா? இது இப்போது யாரோ சேர்த்ததா? சரியான முறையைச் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

இப்போது சேர்த்தது இல்லை அம்மா, பழைய முறையேதான். பிரிட்டிஷ்காரர்கள் இந்தியாவில் ருசிகண்ட மாங்காய்ச் சட்னி 19ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் ஊர்ச் சமையலறையில் பாட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நம் சென்னையிலிருந்து பி. வெங்கடாசலம் என்ற வியாபாரியின் பெயர் போட்ட கறிப்பொடியும் சட்னி வகைகளும் கப்பலேறிப் போயிருக்கின்றன. குளிர்ந்த இறைச்சியோடு சட்னி, பாலாடைக்கட்டியோடு சட்னி என்று பழகியவர்கள் ப்ரூனுக்குள்ளும் அதை வைத்ததில் ஆச்சரியம் இல்லை. இந்தப் பண்டத்துக்குத் ‘டெவில்’ என்ற அடைமொழி பொருந்துவதே கொஞ்சம் காரம் இருந்தால்தான் என்பது என் எண்ணம்.

ஆனால் அந்தச் சட்னி நம் தொக்கோ துவையலோ அல்ல. சர்க்கரை, வினிகர், இஞ்சி, மிளகாய், உலர்திராட்சை எல்லாம் சேர்த்து ஜாம் பதத்துக்குக் காய்ச்சியது. ஊறுகாயை வைத்துவிடாதீர்கள். பேக்கனில் உப்பு ஏற்கெனவே நிறைய. ஊறுகாயின் உப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்தால் பண்டம் கெட்டது. கடையில் கிடைக்கவில்லை என்றால் நம் வீட்டு வெல்ல மாங்காய்ப் பச்சடியை எடுத்துக்கொள்ளுங்கள். தாளிதம் வேண்டாம். ஒரு கரண்டி வினிகரும் துருவிய இஞ்சியும் சேர்த்து, கரண்டியிலிருந்து வழியாமல் விழும் பதம் வரும்வரை வற்றவிடுங்கள்.

இருபத்து நான்கு ப்ரூன், கொட்டை நீக்கியது. பிரான்ஸின் ஆஜான் வட்டாரத்து ப்ரூன் கிடைத்தால் அதற்கு நிகர் இல்லை. கிடைக்காவிட்டால் மெத்தென்று இருக்கும் எதுவானாலும் சரி. காய்ந்து சுருங்கியிருந்தால் பால் சேர்க்காத சூடான தேநீரில் அரைமணி ஊறவையுங்கள். பிராந்தியில் ஊறவைப்பவர்களும் உண்டு. ஊறியதும் வடித்து, ஒவ்வொன்றையும் துணியில் ஒற்றி ஈரம் போக்குங்கள். ஈரத்தோடு சுற்றினால் பேக்கன் வழுக்கும், பிறகு சுடும்போதும் ஆவியாகித் தொல்லை தரும்.

கொட்டை எடுத்த துளை வழியாகச் சுண்டுவிரலை விட்டுச் சற்று அகலப்படுத்துங்கள். அரைத் தேக்கரண்டிச் சட்னி, அதன் மேல் தோல் நீக்கிய ஒரு முழு பாதாம். பாதாமை நட்டுக்குத்தாகச் செருகினால் அது தக்கையாக நின்று சட்னியை வெளியேறவிடாது. கடிக்கும்போது பல்லில் படும் அந்தக் கடினம்தான் இந்தப் பண்டத்துக்கு உயிர். அது இல்லாவிட்டால் எல்லாமே மெத்தென்று இருந்து சலித்துவிடும். நான் மேலே சொன்னபடி நீட்டிய பேக்கன் பன்னிரண்டு துண்டுகளைப் பாதியாக வெட்டி, துளையை மூடும்படி சுற்றுங்கள். ப்ரூன் உருளும் என்பதால் இதற்குப் பல்குச்சி வேண்டும். மரக்குச்சியைத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டால் நுனி கருகாது. 200 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம்.

அடியில் வைக்கும் ரொட்டியை அலட்சியம் செய்யாதீர்கள். வட்டமாக வெட்டி, வெண்ணெயில் இரு பக்கமும் பொன்னிறமாக வறுத்து, சூடாக இருக்கும்போதே மேலே பண்டத்தை வையுங்கள். பேக்கனிலிருந்து வடியும் கொழுப்பும் கசிந்த சட்னியும் அதில்தான் இறங்கும். பக்கத்தில் நாலு வாட்டர்கிரெஸ் இலை வைப்பது வழக்கம். அதன் கார்ப்புக்கு நம் கடுகுக்கீரைக் கொழுந்தும் பொருந்தும். பேரீச்சம்பழத்தில் செய்பவர்கள் உண்டு. எனக்கு அது தித்திப்பு மிகுதி. ப்ரூனில் இருக்கும் புளிப்பு அதில் இல்லை.

நான் மீனவர் குடும்பம். ‘ஏஞ்சல்ஸ்’ வகையில் சிப்பி வைக்கிறார்கள் என்கிறீர்கள். இங்கே கிடைக்கும் சிப்பியில் செய்ய முடியுமா? அங்கே எந்தச் சிப்பி?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

ஐயா, சிப்பி பற்றி உங்களுக்கு நான் சொல்வதைவிட நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியது அதிகம் இருக்கும். தெரிந்ததை எழுதுகிறேன்.

அங்கே பேர்போனது கென்ட்டின் விட்ஸ்டபிள், எசெக்ஸின் கோல்செஸ்டர் பக்கத்து மெர்ஸி தீவு ஆகிய இடங்களின் சிப்பி. தேம்ஸ் நதி கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் இரு கரைகள் இவை. அந்த ஊர்ச் சிப்பி தட்டையாக, வட்ட வடிவில் இருக்கும். மே முதல் ஆகஸ்ட் வரை அது முட்டையிடும் காலம், அப்போது சாப்பிடுவதில்லை. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் பருவம். இப்போது கடைகளில் ஆண்டு முழுவதும் கிடைப்பது பெரும்பாலும் பண்ணையில் வளர்க்கும் பசிபிக் சிப்பி. ஒரு பக்கம் நீண்டு, ஆழமான ஓட்டோடு இருக்கும். பேக்கனில் சுற்ற அதுவே எனக்கு வசதி, சதை கொழுத்திருக்கும். அந்த ஊர்த் தட்டைச் சிப்பி கிடைத்தால் அதைச் சுடாமல் அப்படியே சாப்பிட்டுவிடுவதுதான் மரியாதை.

ஒரு காலத்தில் லண்டன் ஏழைகளின் தின்பண்டம் சிப்பி. தெருவோரத் தள்ளுவண்டிகளில் விற்றது. மாவு மூடிச் சுடும் ‘பை’ என்ற பண்டத்தில் இறைச்சி குறைந்தால் சிப்பியைப் போட்டு நிரப்பினார்கள். அளவில்லாமல் வாரியதாலும் ஆற்றுமுகங்களில் சாக்கடை கலந்ததாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது அருகிப் பணக்காரர் மேசைக்குப் போய்விட்டது. ‘ஏஞ்சல்ஸ்’ சமையல் புத்தகங்களில் இடம்பிடித்ததும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். பிறகு 1902 நவம்பரில் ஒரு கொடுமை நடந்தது. வின்செஸ்டர், சவுத்தாம்ப்டன் ஆகிய இரண்டு நகரங்களில் மேயர்கள் ஒரே நாளில் விருந்து வைத்தார்கள். இரண்டுக்கும் எம்ஸ்வொர்த் துறைமுகத்துச் சிப்பி. அந்தச் சிப்பிப் படுகைகளுக்குப் பக்கத்திலேயே ஊர்ச் சாக்கடையைத் திறந்துவிட்டிருந்தார்கள். விருந்துண்டவர்கள் பலருக்குக் குடற்காய்ச்சல் வந்தது. வின்செஸ்டர் தேவாலயத்தின் டீன், அதாவது தலைமைக் குரு, உட்பட உயிரிழப்பும் ஏற்பட்டது. எம்ஸ்வொர்த்தில் சிப்பித் தொழில் படுத்தேவிட்டது. சிப்பியை நம்பிப் படகு கட்டி வாழ்ந்த ஒரு ஊரே, தான் செய்யாத பிழைக்கு வேலை இழந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. மீனவர் வீட்டுக்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு என் முதல் பதில்: எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று தெரியாத சிப்பி வேண்டாம். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1970களிலேயே உண்ணும் சிப்பி வளர்ப்பு முறையை உருவாக்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுத்தமான நீரில் வளர்ந்து, விற்பதற்கு முன் சுத்திகரித்த பண்ணைச் சிப்பி கிடைத்தால் தாராளமாகச் செய்யலாம்.

செய்முறை சிறியது. ஓட்டிலிருந்து எடுத்த சிப்பியைத் துணியில் ஒற்றி, எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டும் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளும் இடுங்கள். உப்பு போடவே கூடாது, கடல் அதற்குள் இருக்கிறது. பேக்கனை நீட்டி, வாணலியில் பாதிப் பதம் வதக்கி, வளையும்போதே எடுத்துவிடுங்கள். பச்சை பேக்கனைச் சுற்றினால் அது சிவப்பதற்குள் சிப்பி ரப்பராகிவிடும். சுற்றி, பல்குச்சி குத்தி, நன்றாகக் காய்ந்த கிரில்லின் கீழ் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். சிப்பியின் ஓரம் சுருக்கம் விழுந்து, உள்ளே வெந்து சூடேறியதும் எடுத்துவிடுங்கள். வெண்ணெய் தடவிய டோஸ்ட் மேல் வைத்து உடனே பரிமாற வேண்டும். இதை ஆறவைத்துச் சூடாக்குவது என்ற பேச்சே கிடையாது.

பேக்கனை வாணலியில் போட்டதும் வெள்ளையாக நுரை மாதிரி ஒன்று கசிந்து, வறுபடாமல் வேகிறது. ஏன்?
— ஒரு வாசகி, கிராய்டன்

உப்புநீரை ஊசியால் உள்ளே ஏற்றிப் பதப்படுத்திய பேக்கன் அது. ஏற்றிய நீர் சூட்டில் வெளியேறும்போது இறைச்சியின் புரதத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. வெள்ளையாகத் தெரிவது அதுதான். கெடுதல் இல்லை. ஆனால் சுற்றும் பண்டங்களுக்கு அந்த நீர் பகை. ‘டிரை க்யூர்’ என்று எழுதியதை வாங்குங்கள். உப்பையும் சர்க்கரையையும் இறைச்சியின் மேல் தேய்த்துப் பல நாள் வைத்துப் பதப்படுத்துவார்கள். விலை கூடுதல்தான், ஆனால் வாங்கிய எடை வாணலியிலும் நிற்கும்.

உப்புநீர் முறை என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். பன்றியின் பாதி உடலை அப்படியே உப்புநீரில் ஊறவைக்கும் ‘வில்ட்ஷயர்’ முறைக்குப் பெருமை உண்டு. அதன் தாய்வீடு கால்ன் என்ற சிற்றூர். அயர்லாந்திலிருந்து பிரிஸ்டலில் வந்திறங்கிய பன்றிகளை லண்டனுக்கு ஓட்டிச்செல்லும் வழியில் இருந்த ஊர் அது. அங்கே ஹாரிஸ் குடும்பத்தார் 1856இல் பனிக்கட்டி அறை ஒன்றைக் கட்டினார்கள். அதுவரை குளிர்காலத்தில் மட்டும் நடந்த பதப்படுத்தும் வேலை கோடையிலும் நடந்தது. குளிர்ச்சி இருந்ததால் உப்பையும் குறைக்க முடிந்தது. 1864இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்கள். ஊருக்கே சோறு போட்ட அந்தத் தொழிற்சாலை 1982இல் மூடப்பட்டது. ஊர் நடுவில் இப்போது வெண்கலப் பன்றிச் சிலை இருக்கிறது.

நாங்கள் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை. பிள்ளைகள் பள்ளியில் பார்த்துவிட்டு இதைக் கேட்கிறார்கள். வேறு வழி உண்டா?
— ஒரு தாய், இல்ஃபோர்டு

உண்டு. ஹலால் கடைகளில் வான்கோழி அல்லது மாட்டிறைச்சியில் பேக்கன் மாதிரி வெட்டிய துண்டுகள் விற்கிறார்கள். இரண்டில் மாட்டிறைச்சிதான் நல்லது, அதில் கொழுப்பு வரி இருக்கும். வான்கோழித் துண்டில் கொழுப்பு மிகக் குறைவு; நீட்ட முயன்றால் கிழியும், சுட்டால் அட்டையாகும். அதை எண்ணெய் தடவியே சுற்றுங்கள், சுடும் நேரத்தையும் நாலைந்து நிமிடம் குறையுங்கள். உள்ளே கோழி சாசேஜோ பேரீச்சம்பழமோ வைக்கலாம். பேரீச்சை எனக்குத் தித்திப்பு மிகுதி என்று மேலே எழுதினேன். ஆனால் மாட்டிறைச்சியின் அழுத்தமான ருசிக்கு அது நன்றாக ஈடுகொடுக்கிறது.

சைவர்களும் இதே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள். கத்தரிக்காயை மெல்லிய பட்டையாகச் சீவிச் சுற்றும் செய்முறைகள் வருகின்றன. எனக்கு அவற்றில் நிறைவு இல்லை. சேவரி சுற்றிலேயே இறைச்சி இல்லாத நல்ல பண்டம் இருக்கும்போது நகல் எதற்கு? வெல்ஷ் ரேர்பிட் செய்யுங்கள். செடார் சீஸ், கடுகு விழுது, கொஞ்சம் பால், மிளகாய்த்தூள். உருக்கி டோஸ்ட் மேல் ஊற்றி, குமிழி வரும்வரை சுட வேண்டியதுதான். கடையில் வாங்கும் வூஸ்டர் சாஸில் ஆன்சோவி மீன் இருக்கும், அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பேக்கன் புற்றுநோய் வரவழைக்கும் என்கிறார்களே, குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், திருச்சி

2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அது உண்மை. தினமும் தின்பவர்களுக்கான எச்சரிக்கை அது. சிவப்பு இறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் சேர்த்து ஒரு நாளைக்கு 90 கிராமுக்கு மேல் சாப்பிடுபவர்கள் 70 கிராமுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை சொல்கிறது. இவை பண்டிகைப் பண்டங்கள். பண்டிகைக்கு மட்டும் செய்யுங்கள்.

தேவாலய கிறிஸ்துமஸ் கூடுகைக்கு அறுபது பேருக்கு ‘டெவில்ஸ்’ செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒரே ஆள், ஒரே ஓவன். எப்படிச் சமாளிப்பது?
— ஒரு வாசகி, மில்டன் கீன்ஸ்

ஆளுக்கு இரண்டு என்றால் நூற்றிருபது. மலைக்க வேண்டாம், சுற்றும் வேலையை முதல்நாளே முடித்துவிடலாம். முதல்நாள் மாலை ப்ரூனை நிரப்பிச் சுற்றி, தட்டுகளில் அடுக்கி, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஊறவைத்த ப்ரூனை நன்றாக உலர்த்தியிருக்க வேண்டும் என்பது இங்கே இன்னும் முக்கியம். இரவு முழுவதும் நிற்கும்போது ஈரம் பேக்கனில் இறங்கிவிடும். சட்னியின் அளவையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பாதாமை முதல்நாளே வைத்தாலும் கெடாது.

மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வைத்த பிறகு சுடுங்கள். ஒரு தட்டுக்கு முப்பதுக்கு மேல் வேண்டாம். மேல் தட்டில் ஒன்று, கீழ்த் தட்டில் ஒன்று, எட்டாவது நிமிடம் இடம் மாற்றுங்கள். குளிர்ச்சி இருப்பதால் மொத்த நேரம் பதினெட்டு நிமிடம் வரை போகலாம். அப்படியானால் இரண்டே தடவையில் முடிந்துவிடும். டோஸ்ட்டை விட்டுவிடுங்கள், அறுபது பேருக்கு அது ஆகாது. சுட்டதும் வடிதட்டில் கொட்டிக் கொழுப்பை இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்ட பிறகு கொடுங்கள். உள்ளே இருக்கும் சட்னி சர்க்கரைப் பாகு மாதிரி கொதித்திருக்கும், குழந்தைகளின் வாய் வெந்துவிடும். பாதாம் இருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதித் தட்டின் முன்னால் வையுங்கள். கொட்டைப் பருப்பு ஒத்துக்கொள்ளாதவர்களுக்காகப் பாதாம் இல்லாமல் ஒரு தட்டைத் தனியாக, தனிப் பலகையில் செய்து, முதலில் சுட்டுவிடுங்கள். பல்குச்சிகளை எண்ணிக்கொண்டு செருகுங்கள், சிறு பிள்ளைகளுக்குப் போகும் தட்டில் அத்தனையையும் உருவியாயிற்றா என்று எண்ணிப் பார்த்த பிறகே வெளியே அனுப்புங்கள்.